கற்பூரம் பத்து மீட்டர் தள்ளி

"மில்லு எந்த இடத்துல இருக்கு, அக்கா? முகவரி சொல்லுங்க."

"மரம் எங்க விழுந்து கெடக்கோ அங்க."

போனின் அந்தப் பக்கம் இன்சூரன்ஸ் கம்பெனி. கோலாலம்பூரில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கீபோர்டில் கை வைத்தபடியே விறைத்துப் போயிருக்க வேண்டும். பிறகு பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தாள். "இல்லக்கா, மில்லு. பலகை அறுக்கிற மில்லு. அது இருக்கிற கட்டடம்."

"அதுக்குக் கட்டடம் இல்ல தங்கச்சி. சக்கரம்தான் இருக்கு."

"சக்கரம் இருந்தா அது வண்டி, காடி. காடி இன்சூரன்ஸ் வேற டிப்பார்ட்மென்ட்."

"எந்தக் காடி லா பலகை அறுக்கும்?"

லைன் கட்டானது. துளசி துண்டித்தாளா, அந்தப் பெண் துண்டித்தாளா என்பது இன்னும் தீராத வழக்கு. துளசியைக் கேட்டால் சிக்னல் போய்விட்டது என்பாள். ஈப்போவில், புந்தோங் நடுரோட்டில், போன் கடை வாசலில் நின்று பேசியவளுக்குச் சிக்னல் போனதாம்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவளுக்கு ஒரு தாள் வேண்டும். அவளுடைய மெஷினால் அடுத்தவருக்குக் கை கால் போனாலோ, சுவர் இடிந்தாலோ, காடிக் கண்ணாடி உடைந்தாலோ, "அதற்கு நாங்கள் பொறுப்பு" என்று ஏதாவது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி முத்திரை குத்திக் கொடுக்கிற தாள். அது வராவிட்டால் ஒரு மரம் கைவிட்டுப் போய்விடும். சாதாரண மரமில்லை.

துளசிக்கு வயது நாற்பத்திமூன்று. ஆள் ஐந்தடிக்கு இரண்டு விரல் கம்மி. குரல் மட்டும் ஆறடி. சிம்மோர் பக்கம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தாள். ரப்பர் பால்மரத்தில் கடைந்த நாற்காலிக் கால்கள் வரிசையாய் வரும். கோணல் காலைப் பிடித்துத் தூக்கி எறிவதுதான் வேலை. அந்த வேலை அவளுக்கு அமைந்ததா, அவள் அந்த வேலைக்கு அமைந்தாளா தெரியாது. கோணலைக் கண்டால் கை இன்றைக்கும் தானாக நீளும். கொரோனா சமயத்தில் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டார்கள். கையில் கொஞ்சம் நஷ்டஈட்டுப் பணம் வந்தது. உடனே சொந்தக்காரர்கள் எல்லோரும் தொழிலதிபர் ஆகிவிட்டார்கள். நாசி லெமாக் கடை போடு, தையல் கடை போடு, பேங்கில் போடு என்று ஆளுக்கு ஒரு யோசனை. துளசி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை ஆயர் தாவார் போய், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெஷினை லோரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

தெருவே கூடிப் பார்த்தது. இருபதடி நீளத்துக்குத் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்பு. அதன்மேல் மரத்தை உருட்டி ஏற்றிப் பூட்ட வேண்டும். ஓர் எஞ்சினும், அது சுழற்றும் பட்டை ரம்பமும் தண்டவாளத்தின் மேல் ஓடி, ரொட்டி வெட்டுவதுபோல் மரத்தைப் பலகை பலகையாய் வெட்டித் தள்ளும். வேலை முடிந்ததும் காலை மடக்கி லோரியில் மாட்டினால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். மரத்தை மில்லுக்கு ஏற்றிப்போகும் செலவு மிச்சம். மில்லே மரத்தைத் தேடி வரும். துளசி அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தாள். வாங்கிய அன்றைக்கே புகை கக்கி, எண்ணெய் ஒழுக்கி, ராத்திரி முழுக்க வாசலை நாறடித்ததால் அந்தப் பெயர்.

புருசன் யுகேந்திரன் மரத்தைத் துண்டு போடுவார், உருட்டுவார், லோரி ஓட்டுவார். பேச மாட்டார். அவருடைய அகராதியில் இரண்டே சொற்கள்: "ம்", "பசிக்குது".

வீட்டு ஓரத்தில் விழுந்த பலா, கோயில் பின்னால் சாய்ந்த வேம்பு, மலாய்க் கிராமக் கம்பத்தில் பட்டுப்போன துரியான் என்று மூன்று வருடமாய் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் பாதி மரக்காரருக்கு, பாதி துளசிக்கு. யாரும் தாள் கேட்டதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் சுங்கை சிப்புட் பக்கம் அடித்த காற்றில் பெல்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. தோட்டம் என்று பெயர்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையில் பாதி போய்த் தாமான் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் மட்டும் முப்பத்திநாலு பிள்ளைகளோடு அப்படியே நிற்கிறது. மரம் நாலு பேர் கை கோத்தாலும் வளைக்க முடியாத பருமன். கூரையை ஒரு மீட்டர் விட்டுவிட்டுத் திடலின் குறுக்கே மரியாதையாய்ப் படுத்துவிட்டது.

தலைமையாசிரியை விமலா டீச்சர்தான் துளசிக்குப் போன் போட்டார். நூலகத்து அலமாரியைக் கரையான் தின்றுவிட்டது. புத்தகமெல்லாம் மைலோ பெட்டிகளில் கிடக்கிறது. பிள்ளைகள் தரையில் படுத்துப் படிக்கிறார்கள். "இந்த மரத்துலயே ரெண்டு நீட்டு மேசை, நாலு அலமாரி, கொஞ்சம் பெஞ்சு. வருமா துளசி?"

துளசி போய் மரத்தைப் பார்த்தாள். காற்று முறித்த கிளையின் உள்பக்கம், ஓரத்தில் வெள்ளை, நடுவில் பால் கலக்காத கடுங்கொப்பி நிறம். அவள் கையால் ஒருமுறை தடவினாள். "மேசையா? டீச்சர், இதுல மேசை போட்டா மந்திரி வந்து குனிஞ்சு பார்த்துட்டுப் போவாரு."

பாதிப் பங்கு கேட்கவில்லை. கால்வாசி போதும் என்றாள். ஏன் என்று யுகேந்திரன் கேட்கவில்லை, "ம்" என்றார்.

அப்புறம்தான் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. பள்ளி வளாகத்துக்குள் எந்த மெஷின் வந்தாலும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எல்லாத் தாளும் வைத்திருக்கும் ஒரு குத்தகைக்காரர் மரத்தை "இலவசமாக அகற்றித் தருவார்".

இலவசம் என்ற சொல்லைப் படித்ததும் துளசியின் காது சிவந்தது.

"இலவசமா அள்ளிட்டுப் போறாராமா? நானும் பேங்க்குக்குப் போயி இலவசமா அள்ளிட்டு வரவா? நடுமரம் அத்தனையும் அவரு மில்லுக்குப் போகும் டீச்சர். உங்களுக்கு மிச்சம் தூசிதான்."

"எனக்குத் தெரியாதா துளசி? வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நான் தாங்குறேன். அதுக்கு மேல என்னையத் தாங்க இலாகாவுல ஆளு இல்ல."

செவ்வாய்க்கிழமை துளசி ஈப்போவில் மூன்று ஆபிஸ் ஏறினாள்.

முதல் ஆபிஸில் முடிக்கு மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்திருந்த ஒரு பையன் பாரத்தை நீட்டினான். மரத் தொழிற்சாலைக்கான பாரம். சுவர் எதனால் ஆனது? கூரை எதனால் ஆனது? நெருப்பணைக்கக் கூரையில் தண்ணீர்க் குழாய் எத்தனை? காவலாளி உண்டா? துளசி உட்கார்ந்து நேர்மையாய் நிரப்பினாள். சுவர்: இல்லை. கூரை: ஆகாசம். தண்ணீர்: மழை வந்தால். காவலாளி: யுகேந்திரன். பையன் படித்துவிட்டு மேனேஜரைப் பார்க்க உள்ளே போனான். போனவன் போனவன்தான். நாற்பது நிமிடம் கழித்து ஒரு சுத்தம் செய்யும் அம்மா வந்து, "அவரு பின்பக்கமா சாப்பிடப் போயிட்டாரும்மா" என்றார்.

இரண்டாவது ஆபிஸில் ஒரு மேடம். "பலகை மில்லா? வீட்டுக்காரரு வரலியா? மெஷினப் பத்தி அவருகிட்டப் பேசுனாத்தான் சரியா வரும்."

துளசி கீழே போய் லோரியிலிருந்து யுகேந்திரனை இறக்கிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "கேளுங்க."

மேடம் சிரித்த முகத்தோடு திரும்பினார். "சார், எஞ்சின் எத்தனை குதிரை சக்தி?"

யுகேந்திரன் துளசியைக் கைகாட்டினார்.

"பிளேடு வேகம்?"

துளசியைக் கைகாட்டினார்.

"சரி, யாரு சார் மெஷின ஓட்டுறது?"

"ம்" என்று துளசியைக் கைகாட்டிவிட்டு, "பசிக்குது" என்றார்.

மூன்றாவது ஆபிஸ்காரர் ரொம்ப அன்பானவர். கொப்பி கொடுத்தார், கதையை முழுக்கக் கேட்டார், உச்சுக் கொட்டினார். கடைசியில், "அடுத்தவங்களுக்கு அடிபட்டா எங்ககிட்ட ஒண்ணும் இல்லக்கா. ஆனா நீங்க செத்தீங்கன்னா நல்ல திட்டம் இருக்கு" என்று வண்ண அட்டை ஒன்றை நீட்டினார்.

படியிறங்கும்போது துளசிக்கு ஆத்திரத்தில் செருப்பு மாறிப் போனது. எதிரே பாசார்ச் சந்தையில் ஒருவன் காலடியில் கேஸ் சிலிண்டர்த் தோம்பு வைத்துக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் கோரேங் பீசாங்குக்கு வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள். கண்காட்சியில் ராட்டினம் சுற்றிவிடுகிறவன் துருப்பிடித்த ஆணியை நம்பி ஐம்பது பேரை ஆகாசத்தில் தொங்கவிடுகிறான். அவர்களுக்கெல்லாம் பாரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டிக்குப் பெயர் இருக்கிறது. துளசிக்குத்தான் பெட்டி இல்லை. சக்கரம் இருப்பதால் மில் இல்லையாம். ரம்பம் இருப்பதால் காடி இல்லையாம். அப்போது பாப்பா என்ன, பேயா?

புதன்கிழமை காலை தர்மேந்திரன் வந்தான். யுகேந்திரனின் சித்தப்பா மகன். காடி இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆள் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் அகலம்.

"அண்ணி, என்கிட்ட மொதல்லயே வந்திருக்கலாம்லா. கேஎல் தலைமை ஆபிஸ்ல நமக்கு ஆளு இருக்கு. மெஷினோட படம் ஒண்ணு அனுப்புங்க. முழுசாத் தெரியணும், பளிச்சுன்னு இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவோம்."

பாப்பாவின் படங்கள் துளசியின் போனில் இருநூறு இருக்கும். எல்லாவற்றிலும் பாப்பா மரத்தூள் பூசி, வேலை முடித்த வெளவால் மாதிரி இருந்தது. ஒரே ஒரு படத்தில்தான் பளிச். போன வருடம் ஆயுத பூசைக்கு எடுத்தது. பாப்பாவைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மரம் ஏற்றும் மேடையின் மேல் தட்டில் கற்பூரம் எரிய, சுற்றிலும் சொந்தபந்தம் பதினாலு பேர் பல் தெரிய நிற்கும் படம். கல்யாணப் பெண்ணைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் எந்தப் படத்தைக் காட்டுவோம்? துளசி அதைத்தான் அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. தர்மேந்திரன் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, தமிழாக்கி, அடிவாங்கப் போகிறவன் குரலில் வாசித்தான்.

"விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம் ஒண்ணு: மெஷின் மேல திறந்த நெருப்பு எரியுது. ரெண்டு: சின்னப் பிள்ளைங்க மூணு பேரு மெஷின் மேல உக்காந்திருக்காங்க. மூணு: வேலை செய்யுற பதினாலு பேருல ஒருத்தருக்கும் தலைக்கவசம் இல்ல."

"வேலை செய்யுறவங்களா? அதுல எங்க பெரியத்தை இருக்காங்கடா! எழுபத்தாறு வயசு!"

"நாலு: தொழிலாளிங்க செருப்பு இல்லாம நிக்கிறாங்க. அஞ்சு: மெஷின் ரெண்டு பக்கமும் செடி மொளச்சிருக்கு, பராமரிப்பு இல்ல. ஆறு: எஞ்சின் மேல அடையாளம் தெரியாத சாம்பல், ஏற்கெனவே தீப்பிடிச்சிருக்கலாம்." தர்மேந்திரன் எச்சில் விழுங்கினான். "ஏழு: சக்கரம் உருளாம இருக்கத் தடுப்புக் கட்டைக்குப் பதிலா எலுமிச்சம்பழம் வச்சிருக்காங்க. இது போதுமானதாக இல்லை."

யுகேந்திரன் எழுந்து வீட்டுக்குள் போனார். அவர் தோள் குலுங்கியது. அழுகை இல்லை.

துளசிக்குச் சிரிப்பு வரவில்லை. "செடி மொளச்சிருக்கா? வாழைக்கன்னு மொளச்சிருக்குன்னு எழுதுறானே, அவனுக்கு யாரு வேல குடுத்தா? ஒரு தடவ வந்து பார்க்கச் சொல்லு! சீட்டுல குந்திக்கிட்டு என் பாப்பாவப் பராமரிப்பு இல்லன்னு சொல்லுறதா? தெனம் கிரீஸ் போடுறேன்டா நான்!"

"அண்ணி, கோவப்படாதீங்க. வேற வழி இருக்கு." தர்மேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "பாரத்துல 'மேசை நாற்காலிக் கடை'ன்னு போட்டுருவோம். மில்லு, மெஷின், எதுவும் வேணாம். நாளைக்கே தாள் வந்துரும். டீச்சருக்குத் தாள்தானே வேணும்? மேல பேரு என்ன இருக்குன்னு யாரு உத்துப் பார்க்கப் போறா?"

துளசி மனதுக்குள் கணக்குப் போட்டாள். தாள் நாளைக்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னாலேயே. கடுங்கொப்பி நிற மரம் கண்ணுக்குள் வந்து படுத்தது.

பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து நின்றது.

போன வருடம், ஆயர் தாவாரில் ஒரு வீட்டுப் பலா. நடுமரத்துக்குள் யாரோ எந்தக் காலத்திலோ துணிக்கொடி கட்ட அடித்த ஆணி. வெளியே தெரியாது, மரம் அதை விழுங்கிவிட்டிருந்தது. பிளேடு அதில் பட்டு அறுந்தது. ஒரு முழம் துண்டு பறந்துபோய், வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் சீட்டில் செருகி நின்றது. அந்தச் சீட்டில் அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்வரை வீட்டுக்காரரின் மகள் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். குளிக்க வரச்சொல்லி அம்மா கூப்பிட்டதால் இறங்கிப் போனாள். அவள் பாதி தின்றுவிட்டு வைத்த தேங்காய் ரொட்டி மட்டும் சீட்டில் இருந்தது. துண்டுக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி.

துளசி அன்றைக்கு எஞ்சினை அணைத்துவிட்டு, யுகேந்திரனிடம் சும்மாவே சண்டை போட்டாள். அந்த வாரமே இரும்பைக் கண்டால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கினாள். கடற்கரையில் காசு தேடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. அதற்குப் பிறகு அதை ஓட்டாமல் ஒரு மரத்தையும் பாப்பா மேல் ஏற்றியதில்லை. கோயில் ஐயா, "என்னம்மா, மரத்துக்கு மந்திரிக்கிறியா?" என்று கேலி பண்ணியும் விட்டதில்லை.

"வேணாம், தர்மா" என்றாள்.

"ஏன் அண்ணி? சும்மா ஒரு தாளு."

"பிளேடு பறந்து ஒரு பிள்ள மேல பட்டுதுன்னு வையி. அவங்க அப்பாம்மா முன்னால நான் மேசை நாற்காலிக் கடைத் தாள நீட்டவா? கம்பெனிக்காரன் காறித் துப்பிட்டுப் போவான். அப்புறம் அந்தப் பிள்ளைய யாருடா பார்ப்பா? எனக்கு நெசத் தாள் வேணும். டீச்சருக்காக மட்டும் இல்ல."

தர்மேந்திரன் நாற்காலியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

பிளேடு தீட்டக் கொடுத்திருந்ததை வாங்க, அன்று மாலையே துளசி மெங்லெம்பு போனாள். தீட்டுகிற கடைக்கு முதலாளியான சீனத் தௌகே கச்சாங் கடலை உரித்துக்கொண்டிருந்தார். புந்தோங் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"ஏன் துளசி மூஞ்சி இப்புடி? கூருல என் பிளேடு தோத்துப் போச்சு."

துளசி கொட்டினாள். எலுமிச்சம்பழம் வரைக்கும் கொட்டினாள். தௌகே சிரித்து, இருமி, கச்சாங் தொண்டையில் சிக்கி, தண்ணீர் குடித்து, அப்புறம் சொன்னார்: "ஏஜென்ட் வேணாம் லா. ஏஜென்ட் ஒரு கம்பெனி சாமான்தான் விப்பான். செட்டி ஆச்சிகிட்டப் போ. பழைய டவுன், மாடி. என் கடைக்கு அவங்கதான் எடுத்துக் குடுத்தது. திட்டுவாங்க. ஆனா முடிப்பாங்க."

செகப்பி ஆச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாய் ஈப்போவில். இன்சூரன்ஸ் தரகு வேலையில் முப்பத்தைந்து வருடம். ஆபிஸில் ஒரு மின்விசிறி, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கண்ணாடி வழியாக ஆளை எடை போடும் இரண்டு கண்கள். வியாழக்கிழமை காலை துளசி உட்கார்ந்ததும் பாரம் எதுவும் வரவில்லை. ஒரே கேள்விதான் வந்தது.

"கடைசியா என்ன தப்பு நடந்துச்சு?"

மூன்று நாளாய்ச் சுவர் என்ன, கூரை என்ன என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. சொன்னால் காரியம் கெட்டுப் போகலாம். துளசி சேலைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு மோட்டார் சைக்கிள், பிளேடுத் துண்டு, தேங்காய் ரொட்டி எல்லாவற்றையும் சொன்னாள். யுகேந்திரனைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

ஆச்சி எழுதிக்கொண்டார். "அதுக்கப்புறம் என்ன மாத்துன?"

துளசி அதையும் சொன்னாள்.

"வாயால சொன்னாப் போதுமாங்கிறேன்? மெஷின் எங்க?"

புந்தோங்கில், வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் ஆச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாப்பாவைச் சுற்றி வந்தார். துளசி ஒரு பழைய பால்மரத் துண்டின் மேல் கருவியை ஓட்டிக் காட்டினாள். அது கத்தியது. "குடுங்கிறேன்" என்று பிடுங்கி ஆச்சியே ஓட்டினார். அதே இடத்தில் மறுபடி கத்தியது. துளசி உளியால் கொத்த, உள்ளேயிருந்து ஒரு கம்பி வந்தது. ரப்பர் பால் வடிய மங்குக் கிண்ணம் மாட்டிவைத்த கம்பி. மரம் அதை மூடி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

"இதுக்கு அந்தப் பாரத்துல எங்க எடம் இருக்கு?" என்று துளசி பொங்கினாள். "சுவரு என்னன்னு கேக்குறானுங்க, ஆச்சி!"

"பொங்காத. நிராகரிச்ச கடிதத்தக் காட்டு. ஒருத்தன் வேணாம்னத மறைச்சு இன்னொருத்தன்கிட்டப் போறது எனக்குப் பழக்கமில்ல."

கடிதத்தையும் படத்தையும் ஆச்சி ரொம்ப நேரம் பார்த்தார். உதடு ஒருமுறை துடித்தது, அதோடு சரி. "ஆறு காரணம் முட்டாத்தனம். நானே கிழிச்சுர்றேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். கற்பூரத்த மெஷின் மேல ஏன் வச்ச?"

துளசிக்குச் சுர்ரென்றது. "சாமி கும்புடக் கூடாதா? நீங்களுமா ஆச்சி?"

"என் வீட்லயும் பூசை உண்டு. மரத்தூளும் எண்ணெயும் இருக்கிற எடத்துல நெருப்பு வச்சியா, இல்லியா?"

துளசி உளியைக் கீழே வைத்தாள்.

"வச்சேன்" என்றாள் துளசி.

ஏழில் ஒன்று நியாயம். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஏற்பட்ட கோபங்களிலேயே பெரியது இதுதான். முட்டாளிடம் தோற்றால்கூடத் தூக்கம் வரும். முட்டாள் ஒரே ஓர் இடத்தில் சரியாய்ச் சொல்லிவிட்டான் என்றால் எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே ஆச்சி போனில் இருந்தார். மில் என்று கேட்காதே, மரம் வெட்டும் குத்தகை வேலை என்று பார், நடமாடும் மெஷின், வேலை நடக்கிற இடமெல்லாம் பேராக் மாநிலத்துக்குள். துளசி எதிரே உட்கார்ந்து, ஆச்சி திட்டுகிற திட்டுகளை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாத ரகமெல்லாம் இருந்தது. மூன்று மணிக்கு விமலா டீச்சர் செய்தி அனுப்பினார்: குத்தகைக்காரர் லோரியோடு வந்துவிட்டார், மரத்தின் மேல் உட்கார்ந்து பால் கலந்த தே குடிக்கிறார். நாலு மணிக்கு இன்னொரு செய்தி: அவர் சங்கிலியை எடுத்து வெளியே வைத்திருக்கிறார்.

நாலு நாற்பதுக்குத் தாள் வந்தது. நிபந்தனைகளோடு. வேலை நடக்கும்போது வெளியாட்கள் பத்து மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் இரும்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நெருப்பணைக்கும் குப்பி இரண்டு. சக்கரத்துக்கு முறையான தடுப்புக் கட்டை. மெஷினிலிருந்து பத்து மீட்டருக்குள் திறந்த நெருப்பு கூடாது. "சமயச் சடங்குகள் உட்பட".

"அந்தக் கடைசிச் சொல்ல நீங்களா போடச் சொன்னீங்க?" என்று துளசி கேட்டாள்.

"ஆமாங்கிறேன். டீச்சருக்கு அனுப்பு மொதல்ல, மணி ஆவுது."

டீச்சர் தாளை அச்செடுத்து, நாலு ஐம்பத்திரண்டுக்குக் குத்தகைக்காரர் முன்னால் நீட்டினாராம். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எந்தக் குறையும் கிடைக்காமல், மிச்சத் தேயைக் குடித்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனாராம். இலவசமாகத்தான் போனார்.

சனிக்கிழமை காலை பாப்பா பள்ளித் திடலில் நின்றது. சக்கரத்துக்கு இரும்புத் தடுப்புக் கட்டை. ஒவ்வொரு கட்டைக்குப் பக்கத்திலும் ஓர் எலுமிச்சம்பழம். பழம் கூடாது என்று தாளில் எங்கேயும் இல்லை. துளசி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டாள்.

கற்பூரத்துக்கு இடம் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அளவு நாடாவின் ஒரு முனையை யுகேந்திரன் பாப்பாவிடம் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு துளசி நடந்தாள். கிழக்கே பத்து மீட்டரில் சாக்கடை. மேற்கே ஆண்கள் கழிவறை வாசல்.

"சாமிய அங்க வைக்கவா?" என்று துளசி திடலுக்கே கேட்கக் கத்தினாள். "கேஎல்ல உக்காந்து நிபந்தனை போடுறவன் வந்து ஒரு எடம் காட்டச் சொல்லுங்க!"

வடக்கே சரியாய் வந்தது. அங்கே விமலா டீச்சரின் காடி நின்றது. டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காடியை நகர்த்தினார்.

நூலகத்துக்கு மேசை வருகிறது என்று பன்னிரண்டு பதிமூன்று பிள்ளைகள் லீவு நாளிலும் வந்திருந்தார்கள். பத்து மீட்டரில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் முண்டியடித்து நின்றார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு, கையில் மீதி ரொட்டியோடு, கயிற்றின் மேல் சாய்ந்து நின்றாள்.

துளசி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்க் கயிற்றுக் கம்பங்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி, இன்னும் இரண்டு மீட்டர் தள்ளி நட்டாள்.

"ஆன்ட்டி, தாள்ல பத்துன்னுதானே டீச்சர் சொன்னாங்க?" என்றான் ஒருவன்.

"தாளு அவனுக்கு. இது எனக்கு. கயித்துல சாய்ஞ்சா காதத் திருகிருவேன், தள்ளி நில்லு."

அவள் கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கினாள். அவ்வளவு தூரத்திலிருந்து சுற்றிக் காட்டினாள். வெயிலில் நெருப்பு இருப்பதே தெரியவில்லை.

"பாப்பா!" என்று கூவினாள். "தெரியுதா?"

பாப்பாவின் பக்கத்திலிருந்து யுகேந்திரன் வாயைத் திறந்தார்.

"தெரியுதாம். அணைச்சுட்டு வா, பசிக்கிறதுக்குள்ள ஆரம்பிப்போம்."

துளசி கற்பூரத்தை அணைத்து, அணைந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து, தட்டை லோரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு கருவியை எடுத்துக்கொண்டு மரத்தின் அடியிலிருந்து நுனிவரை நடந்தாள். அது ஒன்பது இடத்தில் கத்தியது. ஒன்பது ஆணியையும் பிடுங்கி எடுத்த பிறகுதான் எஞ்சினைத் தட்டினாள்.